வியாழனில் இருந்ததா, கணினிக்குள் இருந்ததா?

அந்த இரவு மொட்டை மாடியில் நாங்கள் மூன்று பேர். இரவல் வாங்கின 8 அங்குலத் தொலைகாட்டி, அதின் பின்பக்கம் செருகின தீப்பெட்டி அளவுக் கமரா, ஒரு பழைய மடிக்கணினி, பக்கத்தில் புகைஞ்சு கொண்டிருந்த நுளம்புத்திரி. வியாழன் உச்சிக்குக் கிட்ட நின்றது. ஆனால் திரையில் பார்த்தால், கொதிக்கிற தண்ணிக்குள்ள கிடக்கிற இரண்டு ரூபாய்க் குத்தி மாதிரி நெளிஞ்சு கொண்டிருந்தது. இரண்டு நிமிச வீடியோ எடுத்தோம். செக்கனுக்கு 100 பிரேம், மொத்தம் 12,000. அதில் ஒன்றிலாவது வடிவான வியாழன் இல்லை.

அடுத்த நாள் அந்த வீடியோவை மென்பொருளுக்குள் போட்டு, நல்ல பிரேம்களைப் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கூர்மையைக் கூட்டுற ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தேன். இழுக்க இழுக்க வியாழன் எழும்பி வந்தது. பட்டிகள் பிரிந்தன. பட்டிகளின் கரையில் சுருள் சுருளாக மேகங்கள். ஓரத்தில் நின்ற கனிமீட் என்ற நிலவு ஒரு குட்டி வட்டாகத் தெரிந்தது. அதின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. பதினைந்து நிமிசத்தில் படம் முகநூலில். "யாழ்ப்பாணத்து மாடியிலிருந்து கனிமீட்டின் மேற்பரப்பு" என்று தலைப்பும் போட்டாச்சு.

இரவு ஒரு அண்ணாவிடமிருந்து உள்பெட்டியில் செய்தி வந்தது. கனகாலமாகக் கோள்களைப் படம் பிடிக்கிறவர். பாராட்டு ஒரு வரி. அதுக்குப் பிறகு ஒரு கேள்வி: "தம்பி, அந்தப் புள்ளி கனிமீட்டில இருக்கா, உம்மட கணினிக்குள்ள இருக்கா?"

எனக்கு மறுமொழி தெரியாது. தேடிப் போனபோதுதான் விளங்கியது, இந்தக் கேள்விக்கு நானூறு வருச வயசு என்று.

காது முளைச்ச சனி

1610 ஜனவரி 7ஆம் திகதி இரவு கலிலியோ தன்ர சின்னத் தொலைகாட்டியை வியாழன் பக்கம் திருப்பி, பக்கத்தில் மூன்று சிறிய "நட்சத்திரங்களை"க் கண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. 13ஆம் திகதி நாலாவதும் தெரிந்தது. ஒவ்வொரு இரவும் ஒரு வட்டமும் பக்கத்தில் சில புள்ளிகளும் வரைந்து வைத்தார். வியாழனைச் சுற்றி நாலு நிலவுகள் ஓடுகின்றன என்ற முடிவு அந்தக் கிறுக்கல்களின் வரிசையிலிருந்துதான் பிறந்தது. எந்த ஒரு படமும் தனியே அதைச் சொல்லவில்லை.

அதே வருசம் அதே மனிசன் சனியைப் பார்த்தார். நடுவில் ஒரு பெரிய உருண்டை, இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல இரண்டு சின்ன உருண்டைகள். சனி மூன்று உடல்களால் ஆனது என்று அறிவித்தார். 1612இல் திரும்பப் பார்த்தால் பக்கத்து உருண்டைகளைக் காணவில்லை. பிறகு அவை திரும்பி வந்தன. அடுத்த நாற்பது வருசம் ஐரோப்பாவில் ஆளாளுக்கு ஒவ்வொரு சனி வரைந்தார்கள்: காது வைச்ச சனி, பிடி வைச்ச சனி, இரண்டு பிறை ஒட்டின சனி.

டச்சுக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1655இல் சனியின் பெரிய நிலவான ரைற்றனைக் கண்டுபிடித்தவர். 1659இல் அவர்தான் புத்தகமாக விளக்கம் எழுதினார்: சனியைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு மெல்லிய தட்டையான வளையம் இருக்கிறது, அது எங்களுக்கு விளிம்பைக் காட்டும்போது மறைந்து போகிறது. காது, பிடி, மூன்று உருண்டை, ஒன்றுமே இல்லை, எல்லாத்தையும் அந்த ஒரு வளையம் விளக்கிவிட்டது.

கலிலியோ பொய் சொல்லவில்லை. தொலைகாட்டி மங்கலாகக் கொடுத்ததை மூளை தனக்குத் தெரிஞ்ச உருவத்தில் முடித்து வைத்தது, அவ்வளவுதான். வியாழனின் பக்கத்தில் உருண்டைகளைக் கண்ட ஆள் சனியின் பக்கத்திலும் உருண்டைகளைத்தானே காண்பார்?

செவ்வாயில் வெட்டின வாய்க்கால்

இருநூறு வருசம் கழித்து இதே பிழை இன்னும் பெரிசாக நடந்தது.

1877இல் செவ்வாய் பூமிக்குக் கிட்ட வந்தது. அந்த ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் அசாஃப் ஹால் செவ்வாயின் இரண்டு குட்டி நிலவுகளையும் கண்டுபிடித்தார். அதே காலத்தில் மிலானில் இருந்த ஜொவான்னி ஷியாபரெல்லி 22 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் செவ்வாயின் வரைபடம் கீறினார். அதில் கோடு கோடாகச் சிலவற்றைப் போட்டு "கனாலி" என்று பெயர் வைத்தார். இத்தாலிய மொழியில் அது இயற்கையான நீரோடைக்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது வெட்டின கால்வாய் ஆகிவிட்டது. வெட்டினால் வெட்டின ஆள் வேணுமே.

பேர்சிவல் லோவெல் என்ற வசதியான அமெரிக்கர் அந்த ஆளைத் தேடி வெளிக்கிட்டார். 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்ராஃபில், காற்று அமைதியாக இருக்கும் உயரத்தில், சொந்தக் காசில் வானாய்வகம் கட்டினார். நூற்றுக்கணக்கான கால்வாய்களை வரைந்தார். செவ்வாய் வறண்டு போகிறது, அங்குள்ளவர்கள் துருவப் பனியிலிருந்து தண்ணி கொண்டுவரக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்று புத்தகங்கள் எழுதினார். சனம் நம்பியது. வெள்ளியிலும் சக்கரத்து ஆரக்கால் மாதிரிக் கோடுகள் கண்டார். அவர் தொலைகாட்டியின் வாயை ஒடுக்கிப் பார்த்ததால் தன்ர கண்ணுக்குள் இருக்கிற இரத்தக்குழாய்களின் நிழலைத்தான் கண்டிருப்பார் என்று பின்னாளில் ஒரு விளக்கம் சொன்னார்கள்.

லோவெலைச் சோதிச்சுப் பார்த்தது பள்ளிக்கூடப் பெடியள். 1903இல் கிறீனிச் வானாய்வகத்தின் எட்வேர்ட் மவுண்டரும் பள்ளி ஆசிரியரான எவன்ஸும் ஒரு பரிசோதனை வைத்தார்கள். செவ்வாய் மாதிரி ஒரு வட்டம். அதில் புள்ளிகள், ஒழுங்கில்லாத நிழல்கள், ஆனால் ஒரு நேர்கோடும் கிடையாது. அதை முன்னால் வைத்து, பெடியளை வேறு வேறு தூரத்தில் இருத்தி, கண்டதை வரையச் சொன்னார்கள். கிட்ட இருந்தவர்கள் புள்ளிகளை வரைந்தார்கள். தூர இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுத்தூரத்தில் இருந்தவர்களில் பலர் கோடு வரைந்தார்கள். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கிற புள்ளிகளை மூளை கோடாக இணைத்துவிடுகிறது.

பிறகு வந்தார் யூஜின் அந்தோனியாடி. கொன்ஸ்தாந்திநோப்பிளில் பிறந்த கிரேக்கர். தொடக்கத்தில் தானே கால்வாய் வரைந்தவர். 1909 செப்ரெம்பர் 20ஆம் திகதி இரவு, பாரிஸுக்குப் பக்கத்தில் மெடோனில் உள்ள 83 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் செவ்வாயைப் பார்த்தார். அன்றைக்குக் காற்று அபூர்வமாக அமைதி. கோடுகள் உடைந்து ஆயிரம் சின்னச் சின்னத் திட்டுகளாக, புள்ளிகளாக, ஒழுங்கற்ற நிழல்களாகச் சிதறின. தன்ர பழைய வரைபடத்தைத் தானே கைவிட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

புகைப்படம் வந்தால் இந்தச் சண்டை தீரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1905இல் லோவெலின் உதவியாளர் கார்ல் லாம்ப்லண்ட் செவ்வாயைப் படம் எடுத்தார். படம் சில மில்லிமீற்றர் அகலம். கோடு இருக்கு என்று நம்பினவர்கள் அதில் கோட்டைக் கண்டார்கள், நம்பாதவர்கள் காணவில்லை. அதே வானாய்வகத்தில் ஏர்ல் ஸ்லைஃபர் ஒரு புது வழி பிடித்தார்: பல நெகற்றிவ்களை ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிடுவது. இன்றைக்கு நாங்கள் கணினியில் செய்கிற அடுக்குதலின் தாத்தா அது. ஆனால் கடைசிவரை ஸ்லைஃபர் கால்வாய்களை நம்பித்தான் இருந்தார்.

1965 யூலையில் மரினர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது அனுப்பின படங்களில் வட்டப் பள்ளங்கள் இருந்தன. வாய்க்கால் இல்லை.

அதிர்ஷ்டத்துக்கு ஒரு கணக்கு

சரி, இவ்வளவு பிரச்சினைக்கும் காரணம் என்ன? காற்று.

முழுநிலவின் அகலம் வானத்தில் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. வியாழன் பெரிசாகத் தெரியும் காலத்திலும் 45 விகலை சொச்சம்தான். கனிமீட் 1.7 விகலை. எங்கள் தலைக்கு மேலே சூடும் குளிருமாகக் கலந்து ஓடும் காற்று, ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் ஒன்றிரண்டு விகலைக்கு அங்கும் இங்கும் இழுத்துப் பூசிவிடுகிறது. கனிமீட் முழுதாகவே அந்தப் பூச்சுக்குள் அடங்கிவிடும். ஃபிலிமில் கோளைப் பதிய ஒரு செக்கனோ அதுக்கு மேலோ திறந்து வைக்க வேணும். அந்த நேரத்துக்குள் நடந்த அத்தனை ஆட்டமும் சேர்ந்து ஒரு மங்கல் பந்தாகிவிடும். கண் அப்படியில்லை. காற்று அடங்கும் அந்தக் கண நேரத்தைக் கண் பிடித்துவிடும். அதனாலதான் புகைப்படம் வந்து நூறு வருசம் ஆனபிறகும் கோள்களைப் பார்த்தவர்கள் பென்சிலும் கையுமாக இருந்தார்கள்.

1978இல் டேவிட் ஃபிரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்தக் கண நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். மிகக் குறுகிய நேரத்தில் ஒரு படம் எடுத்தால், அது காற்றால் பழுதாகாமல் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? அது தொலைகாட்டியின் விட்டத்தையும், காற்றில் ஒரே சீராக இருக்கும் துண்டின் அகலத்தையும் பொறுத்தது. அந்தத் துண்டு 10 சென்ரிமீற்றர் என்று வையுங்கோ. 50 சென்ரிமீற்றர் தொலைகாட்டிக்கு ஏறக்குறைய ஒன்பது படத்தில் ஒன்று நல்லதாக வரும். 1 மீற்றர் தொலைகாட்டிக்கு? பத்து லட்சத்தில் ஒன்று.

திரும்ப ஒருக்கா வாசியுங்கோ. இந்த விளையாட்டில் பெரிய தொலைகாட்டிக்காரருக்கு அதிர்ஷ்டம் குறைவு. மாடியில் 20 சென்ரிமீற்றர் தொலைகாட்டி வைத்திருக்கிற ஆளுக்கு நல்ல பிரேம் அள்ளக் கிடைக்கும். அவருக்கு வேண்டியதெல்லாம் செக்கனுக்குப் பல படம் எடுக்கிற, விலை குறைஞ்ச ஒரு கமரா.

முகம் காட்டச் செய்த கமரா

அந்தக் கமரா வானியலுக்காக வரவில்லை. 1990களில் கணினிக்கு முன்னால் இருந்து கதைக்கிறவர்களுக்காக வெப்கமரா வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி யாரோ சிலர் அதின் லென்ஸைக் கழற்றி எறிஞ்சுவிட்டுத் தொலைகாட்டியில் மாட்டினார்கள். 640க்கு 480 புள்ளிகள், செக்கனுக்குச் சில பத்துப் படங்கள்கூட இல்லை, தரம் படுமோசம். ஆனால் ஒரு இரவில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்.

ஆயிரம் படத்தை இருந்து பார்த்துப் பொறுக்க ஆராலயும் ஏலாது. நெதர்லாந்தைச் சேர்ந்த கோர் பெரெவூட்ஸ் "ரெஜிஸ்ராக்ஸ்" என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். பிறகு அதே நாட்டின் எமில் கிராய்காம்ப் "ஓட்டோஸ்ராக்கெர்ட்" எழுதினார், அதுவும் இலவசம். இவை செய்வது மூன்று வேலை.

முதலாவது, பொறுக்குதல். ஒவ்வொரு பிரேமுக்கும் கூர்மைக்கு ஏற்பப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தி, மேலே உள்ள பத்தோ இருபதோ வீதத்தை மட்டும் எடுப்பது.

இரண்டாவது, அடுக்குதல். ஒவ்வொரு பிரேமிலும் கமராவின் இரைச்சல் தூவினாற்போல இருக்கும். இரைச்சல் ஒரு பிரேமில் ஒரு இடத்தில், மற்றதில் இன்னொரு இடத்தில். வியாழனின் பட்டி எல்லாத்திலும் ஒரே இடத்தில். சராசரி எடுத்தால் பட்டி நிற்கும், இரைச்சல் கரையும். 100 பிரேம் அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். 1,000 அடுக்கினால் முப்பதில் ஒன்றுக்குக் கிட்ட. கலிலியோவின் கிறுக்கல் வரிசை மாதிரித்தான்: ஒரு படத்தை நம்பாதே, கூட்டத்தை நம்பு.

மூன்றாவது, கூர்மையாக்குதல். அரிசியைப் பல சல்லடையில் சலிக்கிற மாதிரி, படத்தில் உள்ள பெரிய உருவங்கள், நடுத்தரம், நுணுக்கம் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, வேண்டிய அடுக்கைத் தூக்கிக் காட்டுவது. இங்கதான் அந்த ஸ்லைடர் இருக்கு. இங்கதான் லோவெலும் இருக்கிறார்.

வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் ஒருக்காச் சுற்றிவிடும் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு நிமிசத்துக்குள்ளேயே நடுவில் உள்ள மேகம் அரை விகலை நகர்ந்துவிடும். அதுக்கும் "வின்ஜூபோஸ்" என்ற இலவச மென்பொருள் வந்தது. சுழற்சியைக் கணக்கிட்டுப் படங்களைத் திருப்பி ஒன்றாகச் சேர்க்கும்.

இப்படிச் செய்த படங்கள் எங்கு வரை போனது என்றால், 2006 பெப்ரவரியில் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறினதை உலகத்துக்குச் சொன்னவர் பிலிப்பைன்ஸின் செபு நகரில் இருக்கும் கிறிஸ்தோபர் கோ என்ற அமெச்சூர். செபு, வட அகலாங்கு 10 பாகையை ஒட்டி இருக்கிறது, யாழ்ப்பாணமும் அப்படித்தான். இந்த அகலாங்கில் கோள்கள் தலைக்கு மேலாகப் போகும். இடையில் உள்ள காற்று குறைவு. பிரித்தானியாவின் பெயர்போன கோள் படப்பிடிப்பாளர் டேமியன் பீச் இதுக்காகவே பார்படோஸுக்குப் பறந்து போய்ப் படம் எடுத்தவர். எங்களுக்கு அது மாடிப்படி ஏறுகிற தூரம்.

விடைத்தாள் உள்ள பரீட்சை

இப்ப என்ர கறுப்புப் புள்ளிக்கு வருவோம்.

கூர்மையாக்குதல் புதிதாக எதையும் கொண்டுவராது. இருப்பதைப் பெருப்பிக்கும். நுணுக்கம் இருந்தால் அதையும், மிச்சம் இருந்த இரைச்சலையும், தொலைகாட்டியின் குணத்தையும் ஒன்றாகப் பெருப்பிக்கும். எந்தத் தொலைகாட்டியிலும் ஒளி வாய்க்குள் நுழையும்போது விரிந்து மெல்லிய வளையங்களாக விழும். அளவாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்லைடரை மிஞ்சி இழுத்தால், செவ்வாயின் பளிச்சென்ற விளிம்புக்கு உள்ளே ஒரு போலிக் கோடு ஓடும். ஒரு விகலை அகல நிலவு என்றால், அதின் நடுவிலேயே புள்ளியாக விழும். கனிமீட்டின் நடுவில் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அதுதான்.

"பெரும்பாலும்" என்பதை எப்படி "நிச்சயம்" ஆக்குவது? அண்ணா சொன்ன வழி சின்னது. "கனிமீட்டுக்கு விடைத்தாள் இருக்கு தம்பி. எடுத்துப் பாரும்."

உண்மைதான். 1979இல் வொயேஜர் விண்கலங்கள் இரண்டும் கனிமீட்டைக் கடந்தன. பிறகு கலிலியோ விண்கலம் அதை வருசக்கணக்காகப் படம் எடுத்தது. 2021 யூன் 7ஆம் திகதி ஜூனோ 1,038 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தது. முழு வரைபடமும் கையில் இருக்கிறது. எந்தத் திகதி, எந்த நிமிசம் என்று கொடுத்தால் அந்த நேரத்தில் கனிமீட்டின் எந்த முகம் எங்கள் பக்கம் இருந்தது என்று மென்பொருள் காட்டும். அதை எங்கள் படத்தின் அளவுக்கு மங்கலாக்கிப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. அமெச்சூர்கள் சிலர் இந்தப் பரீட்சையில் பாஸாகியும் இருக்கிறார்கள். கலிலியோ ரீஜியோ என்ற பெரிய கறுத்த பிரதேசம் அவர்களின் கனிமீட்டில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கிரேக்க அமெச்சூரான மனோஸ் கர்தாசிஸ் இப்படியான படங்களிலிருந்து கனிமீட்டுக்கு ஒரு வரைபடமே செய்தார்.

நானும் வைத்துப் பார்த்தேன். என்ர புள்ளி இருந்த இடத்தில் வரைபடத்தில் கறுப்பாக ஒன்றும் இல்லை. பெயில்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ, எனக்கு விடைத்தாள் இருந்தது. லோவெலுக்கு இருக்கவில்லை. வியாழனின் மேகத்துக்கும் விடைத்தாள் இல்லை. அது நாளுக்கு நாள் மாறும். அங்கே என்ன செய்வது?

ஒரு கறுப்புத் தழும்பு, இரண்டு செக்கன் வெளிச்சம்

2009 யூலை 19ஆம் திகதி. அவுஸ்திரேலியாவின் மரம்பேற்மன் என்ற சின்ன ஊரில் அன்ரனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர், வீட்டு முற்றத்தில் 14.5 அங்குலத் தொலைகாட்டியுடன் இருந்தார். காற்று சரியில்லை. இன்றைக்குப் போதும் என்று நிறுத்தப் போனவர், மனம் மாறி இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று தொடர்ந்தார். வியாழனின் தென்துருவப் பக்கம் ஒரு கறுப்புத் தழும்பு சுழன்று உள்ளே வந்தது.

அவர் உடனே குதிக்கவில்லை. நிலவா? நிலவின் நிழலா? இரண்டும் என்றால் வியாழனின் மேகத்தைவிட வேறு வேகத்தில் நகர வேணும். இது மேகத்தோடு சேர்ந்து நகர்ந்தது. பழைய தழும்பா? இரண்டு நாளுக்கு முன் எடுத்த படத்தில் அந்த இடம் வெறுமை. கமராவின் தூசியா? தூசி கோளோடு சேர்ந்து சுழலாது. ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் மற்றவர்களுக்கு அறிவித்தார். ஹவாயில் நாசாவின் அகச்சிவப்புத் தொலைகாட்டி அந்த இடத்தைப் பார்த்தது. தழும்பு அங்கே பிரகாசமாக ஒளிர்ந்தது. ஏதோ ஒரு விண்பொருள் வியாழனில் மோதியிருக்கிறது. சில நாளில் ஹபிளும் படம் எடுத்தது. ஷூமேக்கர்-லெவி வால்வெள்ளி வியாழனில் மோதி சரியாகப் பதினைந்து வருசம் கழித்து.

அடுத்த வருசம், 2010 யூன் 3ஆம் திகதி, வெஸ்லியின் திரையில் வியாழனின் மேல் ஒரு வெளிச்சம் மின்னியது. ஏறக்குறைய இரண்டு செக்கன். தழும்பு எதுவும் மிஞ்சவில்லை. இதை ஆர் நம்புவது? செபுவில் கிறிஸ்தோபர் கோ அதே நேரம் வீடியோ எடுத்துக் கொண்டிருந்தார். அவர் போய்த் தன்ர பதிவைத் தேடினார். அதே இடம், அதே செக்கன். இரண்டு நாடு, இரண்டு தொலைகாட்டி, இரண்டு கமரா. அந்த மின்னல் பத்து மீற்றர் அளவான ஒரு பொருள் எரிந்தது என்று கணித்த ஆய்வுக் கட்டுரையில் இரண்டு அமெச்சூர்களின் பெயரும் ஆசிரியர்களாக இருக்கிறது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கு. அடுக்குதலின் நம்பிக்கை என்ன? திரும்பத் திரும்ப வருவது உண்மை, ஒருக்கா வந்து போவது இரைச்சல். அப்படியென்றால் இரண்டு செக்கன் மின்னலை அந்த முறை குப்பை என்று கழித்துவிடும். ஆயிரக்கணக்கான பிரேம்களின் சராசரியில் அது கரைந்து போகும். வடிவான படம் வரும். நடந்த சம்பவம் காணாமல் போகும். எத்தனை மின்னல்கள் இப்படி எங்கள் எல்லோரின் வன்தட்டுகளில் அடுக்கி அழிக்கப்பட்டதோ. இதுக்காகவே மூல வீடியோவைப் பிரேம் பிரேமாகத் தேடுகிற மென்பொருளைப் பிறகு பிரான்ஸின் மார்க் டெல்க்ருவா எழுதினார். அண்ணா சொல்லுற இன்னொரு விசயம்: "படத்தை அழிச்சாலும் பரவாயில்லை, வீடியோவை அழிக்காதையும்."

எதிர்பார்த்ததை வரையும் இயந்திரம்

இப்ப புதுசாக ஒன்று வந்திருக்கு. ஆயிரக்கணக்கான நல்ல படங்களைக் காட்டிப் பழக்கின செயற்கை நுண்ணறிவு, மங்கலான படத்தைக் கூர்மையாக்கித் தருகிறது. 2023இல் ஒரு இணையப் பயனர் வேணுமென்றே மங்கலாக்கின நிலவுப் படத்தைக் கணினித் திரையில் போட்டு, இருட்டறையில் இருந்து தன்ர போனால் படம் எடுத்தார். மூலத்தில் இல்லாத பள்ளங்கள் போனின் படத்தில் வந்தன. நிலவு எப்படி இருக்கும் என்று போனுக்கு ஏற்கெனவே தெரியும். நடுத்தூரத்தில் இருந்த கிறீனிச் பெடியள் கோடு வரைந்த மாதிரி, போனும் மிச்சத்தைத் தானே நிரப்பியது.

நிலவில் இப்படி நடந்தால் பெரிய நட்டமில்லை. விடைத்தாள் எல்லோரிடமும் இருக்கு. ஆனால் வியாழனில் நாளைக்கு ஒரு புதுத் தழும்பு விழுந்தால்? "வியாழன் இப்படித்தான் இருக்கும்" என்று பழகின இயந்திரம் அதைத் துடைத்துவிடலாம். இல்லாவிட்டால் இல்லாத புயல் ஒன்றை நேர்த்தியாக வரைந்து தரலாம். லோவெல் தவறு செய்தபோது அது அவரின் கையெழுத்தில் இருந்தது. ஆரோடு சண்டை பிடிப்பது என்று தெரிந்தது. இயந்திரம் நிரப்பின இடத்தில் கையெழுத்து இல்லை.

கருவியை எறியச் சொல்லவில்லை. ஜூனோ விண்கலத்தின் கமரா 2016இலிருந்து அனுப்புகிற மூலப் படங்களை நாசா அப்படியே பொதுவில் விடுகிறது. கெவின் கில், ஜெரால்ட் ஐக்ஸ்ரட் போன்ற ஆர்வலர்கள் அவற்றை எடுத்துச் செய்கிற படங்களைத்தான் நாங்கள் சுவரில் ஒட்டுகிறோம். அந்த நீலச் சுருள்களின் நிறம் பெரும்பாலும் தூக்கிக் காட்டப்பட்டது. நேரில் வியாழன் வெளிறிப் போய்த்தான் இருக்கும். ஆனால் மூலப் படம் பக்கத்திலேயே இருக்கு, நிறத்தைக் கூட்டினோம் என்று எழுதியும் இருக்கு. சந்தேகம் இருக்கிற ஆர் வேணுமென்றாலும் தொடக்கத்திலிருந்து செய்து பார்க்கலாம். அது களவு இல்லை.

நான் அந்த வீடியோவைத் திரும்ப எடுத்தேன். அதே 12,000 பிரேம். இந்த முறை ஸ்லைடரைப் பாதி வழியில் நிறுத்தினேன். பிறகு அந்த இரவு ஐந்து நிமிசம் கழித்து எடுத்த இரண்டாவது வீடியோவையும் தனியாகச் செய்து, இரண்டிலும் இருப்பது எது, ஒன்றில் மட்டும் இருப்பது எது என்று பார்த்தேன். மேகச் சுருள்களில் பாதி போய்விட்டது. கனிமீட் ஒரு வெறும் சாம்பல் வட்டு. முதல் படத்தைவிட வடிவு குறைவுதான்.

முகநூலில் பழைய படத்தை அழிக்கவில்லை. கீழே புதுப் படத்தைப் போட்டு எழுதினேன்: "முதல் படத்தில் கனிமீட்டில் தெரியும் புள்ளி பிழை. அது என்ர ஸ்லைடர்." அண்ணா ஒரு சிரிப்புப் போட்டுவிட்டு, "அடுத்த முறை எப்ப எடுக்கிறீர்? சொல்லும், நானும் இங்கயிருந்து அதே நேரத்துக்கு எடுக்கிறன்" என்று எழுதியிருந்தார்.